ரோடு வேலைக்கு கம்பெனி பெயர் போட்ட ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்: ஆர்டரில் என்னவெல்லாம் எழுத வேண்டும்?

தார்ச்சட்டி_விழுப்புரம்:

வணக்கம். சாலை கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸும் பர்ச்சேஸும் என் பொறுப்பு. ஜல்லி, தார், டீசல் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரேட் சொல்வேன். துணி விஷயம் எனக்குப் புதிது.

மாநில நெடுஞ்சாலை ஒன்றை அகலப்படுத்தும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. தார் கேங், பாலம் கேங், சர்வே, கொடி காட்டுகிறவர்கள் எல்லாம் சேர்த்து 140 பேர். அவர்களில் பெண்கள் முப்பது பேருக்கு மேல். போன வாரம் நெடுஞ்சாலைத் துறை ஏடிஇ (உதவிக் கோட்டப் பொறியாளர்) சைட்டுக்கு வந்தார், கூடவே கன்சல்டன்ட் தரப்பு சேஃப்டி ஆளும். எங்கள் ஆட்கள் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கையில் பிடித்து, "இது ஜாக்கெட்டா, காய்கறிப் பையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் எழுத்தில் வந்துவிட்டது: ஐஎஸ் 15809 (தூரத்திலிருந்தே தெரியும் எச்சரிக்கை உடைக்கான இந்தியத் தரம்), கிளாஸ் 2, டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு வேண்டும், கம்பெனி பெயரும் இருக்க வேண்டும்.

மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். லோக்கல் கடையில் 75 ரூபாய், 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) துணி. இன்னொருவர் 190 ரூபாய், 120 ஜிஎஸ்எம், "3எம் டேப், சர்டிஃபிகேட் தருகிறேன்" என்கிறார். மூன்றாமவர் 420 ரூபாய், ஐஎஸ்ஐ மார்க் என்கிறார். எங்கள் எம்.டி.க்கு 190 பிடித்திருக்கிறது.

அவருக்குப் பிடித்த இன்னொன்று லோகோ. முதுகில் 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் நீலக் கட்டம், அதற்குள் வெள்ளை எழுத்து. முன்பக்கம் நெஞ்சில் 10-க்கு 8 செ.மீ.யில் தமிழ்நாடு அரசு முத்திரை, "அரசு வேலை என்று தெரியட்டும்" என்கிறார். டிரோன் ஷாட்டில் கம்பெனி பெயர் தெளிவாக விழ வேண்டுமாம்.

190 ரூபாய்க்குப் போனால் போதுமா? இந்த லோகோவில் ஏதாவது சிக்கல் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கொடிக்காரன்_சேலம்:

75 ரூபாய் ஜாக்கெட் பற்றி மட்டும் சொல்கிறேன். மே மாத வெயிலில் வெளுத்து மோர் நிறத்துக்கு வந்துவிடும். ரேடியம் டேப் தையலிலிருந்து பிரிந்து தொங்கும், ஆட்கள் அதைப் பிய்த்து டிபன் கேரியர் கட்டுவார்கள். அதை விட்டுவிடுங்கள்.

மற்ற இரண்டுக்கும் அண்ணாச்சி வந்தால்தான் விடை.


சேஃப்டி_அண்ணாச்சி:

வந்தாச்சு.

தம்பி, முதல் வேலையாக அந்த 190 ரூபாய்க்காரரின் சர்டிஃபிகேட்டை வாங்கி, அதில் "பொருள்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேர் நீட்டுவது டேப்பின் சர்டிஃபிகேட். 3எம்மின் ஸ்காட்ச்லைட் டேப் நல்ல டேப்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்கு எழுத்தில் வந்திருப்பது "ஐஎஸ் 15809 ஜாக்கெட்". அது முழு உடைக்கான தரம். எந்தத் துணி, எவ்வளவு பரப்பு, டேப் எந்த இடத்தில், எத்தனை வரி, துவைத்தபின் எவ்வளவு மிச்சம் என்று எல்லாம் சேர்ந்தது. நல்ல டேப்பை மட்டமான துணியில் தைத்தால் அது தரமான ஜாக்கெட் ஆகிவிடாது. கன்சல்டன்ட் அந்தக் காகிதத்தைப் பார்த்த அடுத்த நிமிடம் திருப்பி அனுப்புவார். அனுப்ப வேண்டும்.

420 ரூபாய்க்காரர் ஐஎஸ்ஐ என்கிறார், சரி. ஐஎஸ்ஐ குறியோடு சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். அதை பிஐஎஸ் (ஐஎஸ்ஐ குறி தரும் அமைப்பு) நடத்தும் பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்துப் பாருங்கள். யார் பெயரில், எந்த ஐஎஸ் நம்பருக்கு, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே காட்டும். ஹெல்மெட்டுக்கு வாங்கிய லைசென்ஸ் எண்ணை ஜாக்கெட் லேபிளில் அச்சடித்திருந்த சரக்கை என் கையாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனி உங்கள் எம்.டி.யின் லோகோ. இதுதான் இந்த ஆர்டரில் பெரிய சிக்கல், யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பழகியது இதே வகை உடைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 20471 கணக்கு, அதை வைத்தே சொல்கிறேன். கிளாஸ் 2 என்றால் ஒளிரும் துணி குறைந்தது 0.50 சதுர மீட்டர், அதாவது 5,000 சதுர செ.மீ. கண்ணில் பட வேண்டும். டேப் குறைந்தது 0.13 சதுர மீட்டர், 5 செ.மீ. அகல டேப்பில் 2.6 மீட்டர் நீளம். துணிக் கணக்கில் டேப் மூடிய இடம் சேராது. லோகோ மூடிய இடமும் சேராது.

இப்போது ஒரு மீடியம் சைஸ் ஜாக்கெட்டை மேஜையில் விரியுங்கள். நீளம் 68 செ.மீ., சுற்றளவு 124 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8,400 சொச்சம் சதுர செ.மீ. கழுத்துக்கும் கைக்கும் வெட்டியது ஏறக்குறைய 1,100 போனால் 7,300. இடுப்பைச் சுற்றி இரண்டு வரி டேப், தோளில் இரண்டு வரி, எல்லாம் சேர்த்து 4 மீட்டர் டேப் என்றால் 2,000 போகும். மிச்சம் 5,300. எல்லைக்கு மேல் வெறும் 300 சதுர செ.மீ.தான் கையில் இருக்கிறது. உங்கள் எம்.டி. முதுகில் 600, நெஞ்சில் 80 கேட்கிறார். 4,620-க்கு வந்துவிட்டது. லேபிளில் கிளாஸ் 2 என்று இருக்கும், ஜாக்கெட் கிளாஸ் 2 கிடையாது.

கட்டத்துக்குள் எழுத்து என்ற யோசனையை விடச் சொல்லுங்கள். கம்பெனி பெயரை வெறும் எழுத்தாக ஒரே வரியில், 25-க்கு 7 செ.மீ.யில் போட்டால் 175. நெஞ்சில் 10-க்கு 6 போட்டால் 60. 5,065 நிற்கும். எழுத்துக்கு நடுவில் உள்ள இடைவெளி துணியாகத்தான் தெரியும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும், ஆனால் கட்டமாகக் கணக்குப் போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஐடி கார்டுக்குப் பிளாஸ்டிக் பாக்கெட், பேனா பாக்கெட் எல்லாம் கேட்பீர்கள். துணியை மூடும் எதையும் பரப்பிலிருந்து கழிக்க வேண்டும், மறக்காதீர்கள். கணக்கை உங்கள் ஆர்டரில் உள்ள மிகச் சிறிய சைஸுக்குப் போட வேண்டும், எக்ஸ்எல்லுக்குப் போட்டு ஏமாற்றுவார்கள். டேப்பின் மேல் பிரின்ட் கூடவே கூடாது.

அரசு முத்திரையை எடுத்துவிடுங்கள். 1950-ஆம் ஆண்டிலிருந்தே சின்னங்கள், பெயர்களை முறையில்லாமல் பயன்படுத்துவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் இருக்கிறது, மாநில அரசுகளின் சின்னமும் அதில் அடக்கம். துறை எழுத்தில் அனுமதி தந்தால் ஒழிய, கான்ட்ராக்டர் ஆள் முதுகிலோ நெஞ்சிலோ கோபுரம் எதற்கு?

டிரோனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. லாரி டிரைவரைப் பற்றித் தெரியும். 80 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். கண்டு, யோசித்து, காலை பிரேக்குக்கு மாற்ற இரண்டரை நொடி என்பது நம் ஐஆர்சி (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) கணக்கு. பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 55 மீட்டர் போய்விடும், வண்டி நிற்பது அதற்கப்புறம். அந்த டிரைவருக்கு உங்கள் கம்பெனி பெயர் தேவையில்லை, அங்கே ஓர் ஆள் நிற்கிறான் என்று தெரிந்தால் போதும்.


ஸ்கிரீன்_திருப்பூர்:

அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி. பிரின்ட் அடிக்கிறவன் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சேர்க்கிறேன். எங்கள் யூனிட்டில் இந்த ஜாக்கெட் பேனல்தான் பாதி வேலை.

வெள்ளை எழுத்து வேண்டாம் சார். இந்தத் துணி பாலியஸ்டர், சாயம் வெப்பம் பட்டால் கிளம்பி மேலே வரும். சாதாரண பிளாஸ்டிசால் இங்க் 160 டிகிரி வாக்கில் காய வேண்டும். அந்தச் சூட்டில் துணியின் சாயம் வெள்ளை இங்க்குக்குள் ஏறி, டெலிவரி எடுக்கும்போது வெள்ளையாக இருந்தது கொஞ்ச நாளில் எலுமிச்சை நிறமாகிவிடும். பார்ட்டி எங்களைத்தான் திட்டுவார். குறைந்த சூட்டில் காயும் லோ பிளீட் இங்க் இருக்கிறது, விலை கூடுதல். அதைவிட எளிது கறுப்பு அல்லது கரும் நீலம், ஒற்றைக் கலர். சாயம் ஏறினாலும் தெரியாது. ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் ஸ்கிரீன் சார்ஜும் ஒன்றோடு முடியும்.

தைத்த ஜாக்கெட்டை வாங்கிவந்து பக்கத்து ஊரில் பிரின்ட் போட்டுக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தைத்தபின் போட்டால் டேப் மேடு தட்டி ஸ்கிரீன் சரியாக உட்காராது, எழுத்தின் ஓரம் மங்கும். ஹீட் பிரஸ் வைத்தால் டேப்பும் சூடு வாங்கும். எல்லாவற்றையும்விட, சர்டிஃபிகேட் வாங்கிய உடையை வெளியாள் ஒருவன் மாற்றிவிட்டான் என்றாகிவிடும். வெட்டிய பேனலில் பிரின்ட் போட்டு, அப்புறம் டேப் வைத்துத் தைப்பதுதான் முறை. ஜாக்கெட் செய்கிறவரே பிரின்ட்டுக்கும் பொறுப்பு ஏற்கட்டும். லோகோவைக் கழித்தபின் மிஞ்சும் பரப்பை அவர் லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரட்டும். நல்ல சப்ளையர் என்றால் முகம் சுளிக்காமல் தருவார்.

140 பேருக்கு 140 மட்டும் போட வேண்டாம். சேர்த்துப் போடுங்கள். இரண்டு மாதம் கழித்து இன்னும் முப்பது கேட்டால் வேறு சாய லாட்டில்தான் வரும், நிறம் ஒத்துப்போகாது.


களப்பொறியாளர்_திருச்சி:

நானும் சைட்டில்தான் இருக்கிறேன். பெண்கள் முப்பது பேருக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

எல்லாருக்கும் ஃப்ரீ சைஸ் என்று வாங்கிவிடாதீர்கள். நம் சித்தாள் பெண்கள் புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, அதற்கு மேல்தான் ஜாக்கெட் மாட்டுகிறார்கள். ஒல்லியான அம்மாவுக்கு எக்ஸ்எல் கொடுத்தால் தோளிலிருந்து சரியும், பாண்டு (ஜல்லிச் சட்டி) தூக்கக் கை உயர்த்தும்போது தடுக்கும். உடனே கழற்றி மரத்தில் மாட்டிவிடுவார்கள். மாட்டின ஜாக்கெட் எந்த கிளாஸாக இருந்து என்ன பயன்? ஆட்களின் நெஞ்சளவை சட்டைக்கு மேல் வைத்து அளந்து, மீடியம் எத்தனை, லார்ஜ் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். முன்பக்கம் மூடித்தான் போட வேண்டும், திறந்து விட்டால் நெஞ்சுப் பக்கத் துணியும் டேப்பும் இரண்டு பக்கமும் மடங்கி மறைந்துவிடும்.

ஜிப்பா வெல்க்ரோவா என்று கேட்பார்கள். கிரஷர், பேவர் (தார்க் கலவை விரிக்கும் மெஷின்), கன்வேயர் பக்கம் நிற்கிறவர்களுக்கு வெல்க்ரோ. மெஷின் இழுத்தால் விட்டுக்கொடுக்கும், ஜிப் விடாது. தூசி அடைத்து வெல்க்ரோ சீக்கிரம் பிடிமானம் இழக்கும் என்பது உண்மைதான், பழைய டூத் பிரஷ்ஷால் தட்டினால் சரியாகும்.

தார் கேங் கதை தனி. தார் ஒட்டினதும் டீசலில் நனைத்துத் தேய்ப்பார்கள். தார் போகும், டேப்பின் வெள்ளிப் பூச்சும் கூடவே போகும். கண்ணாடி மணிக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பூச்சுதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. டீசல் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. இப்போது தார் கேங்குக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு கொடுத்து, அழுக்கானதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிது தருகிறோம். கழுவ வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை.


தார்ச்சட்டி_விழுப்புரம்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. 190 ரூபாய்க்காரரிடம் கேட்டேன். அண்ணாச்சி சொன்ன மாதிரியே டேப் சர்டிஃபிகேட்தான், அதுவும் வேறொரு கம்பெனி பெயரில் எடுத்த ஜெராக்ஸ். 420-ஐ ஆப்பில் பார்த்தேன், லைசென்ஸ் இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். கலர் மஞ்சளா ஆரஞ்சா? தார் போடுவது பெரும்பாலும் ராத்திரியில், அதற்கும் கிளாஸ் 2 போதுமா?


சேஃப்டி_அண்ணாச்சி:

கலருக்கு முதலில் உங்கள் சைட்டைப் பாருங்கள். தரம் மூன்று நிறத்தை ஒப்புக்கொள்கிறது: ஒளிரும் மஞ்சள், ஆரஞ்சு-சிவப்பு, சிவப்பு. வெளிச்சக் காரணி, அதாவது நிறம் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற அளவு, மஞ்சளுக்குக் குறைந்தது 0.70, ஆரஞ்சு-சிவப்புக்கு 0.40, சிவப்புக்கு 0.25. எண்ணை மட்டும் பார்த்தால் மஞ்சள்தான். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும், ரோட்டில் நிற்பதெல்லாம் மஞ்சள் பொக்லைன், மஞ்சள் ரோலர். அந்தப் பின்னணியில் மஞ்சள்பச்சை ஆள் கரைந்துபோவான். நான் பகல் கேங்குக்கு ஆரஞ்சு போடுவேன். செம்மண் தோண்டும் இடமாக இருந்தால் மஞ்சளுக்குத் திரும்புவேன். எதுவானாலும் ஆர்டரில் "ஆரஞ்சு" என்று மட்டும் எழுதினால் சாதா ஆரஞ்சுத் துணியும் வரும், "ஒளிரும் ஆரஞ்சு-சிவப்பு" என்று எழுதுங்கள்.

ராத்திரிக்கு வேறு கணக்கு. ஒளிரும் துணி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. அதனால்தான் விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் அப்படிப் பளிச்சென்று இருக்கிறது. ஹெட்லைட்டில் அந்தக் கதிர் இல்லை என்றே சொல்லலாம், ஆகவே இருட்டில் டேப் மட்டும்தான் வேலை செய்யும். புது டேப்புக்கு ஐஎஸ்ஓ கேட்பது, நேர் பார்வையை ஒட்டிய கோணத்தில் லக்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 330 கேண்டெலா. டேப் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற அளவு அது. துவைத்தும் தேய்த்தும் சோதித்தபின் 100-க்குக் கீழே போகக் கூடாது. லேபிளில் எத்தனை சலவை என்று எண் இருந்தால், அது அதுவரைக்கும்தான்.

கையில்லாத ஜாக்கெட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கிளாஸ் 3 ஆகாது, தம்பி. டேப் சுற்றிய முழுக்கையோ, டேப் சுற்றிய முழுக்கால் பேன்ட்டோ சேர வேண்டும். துணி 0.80, டேப் 0.20 சதுர மீட்டர். இது வீண் செலவு என்று நினைக்காதீர்கள். ராத்திரி வேலைப் பகுதியில் கோன், டிரம், பேரிகேட் எல்லாவற்றிலும் டேப் மின்னும். அசையாமல் நிற்கிற ஜாக்கெட்டை டிரைவர் இன்னொரு டிரம் என்றுதான் எடுத்துக்கொள்வார். கையும் காலும் அசைவது மின்னினால்தான் மனிதன் என்று மூளைக்கு உடனே உறைக்கும். கொடி காட்டுகிறவர், பேவருக்கு முன்னால் நடக்கிறவர், ரோட்டைக் கடந்து கோன் மாற்றுகிறவர், இவர்களுக்காவது கிளாஸ் 3 வாங்குங்கள். உங்கள் கான்ட்ராக்டில் ஐஆர்சி எஸ்பி 55 கட்டாயம் இருக்கும், 2014 பதிப்பு. சாலை வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தைக் கையாளும் வழிகாட்டி அது. அதைக் காட்டி எம்.டி.யிடம் பேசுங்கள், உங்கள் சொந்த யோசனை என்று சொன்னால் பணம் வராது.

சாம்பிள் வந்ததும் இருட்டில் ஒரு பையனுக்குப் போட்டு நூறு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹெட்லைட்டைப் போட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வண்டிக்கு வெளியே தள்ளி நின்று பார்த்துவிட்டு "மின்னவில்லை" என்று சொல்லக் கூடாது, அந்த வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகிற வெளிச்சம். பக்கத்தில் உங்கள் பழைய ஜாக்கெட்டையும் ஒரு ஆளுக்கு மாட்டி நிறுத்துங்கள். எம்.டி.யைச் சீட்டில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.


தார்ச்சட்டி_விழுப்புரம்:

எம்.டி.யை உட்கார வைத்தாச்சு. 420 ரூபாய்க்காரரின் சாம்பிளும் எங்கள் பழையதும். ஒன்றும் பேசவில்லை, "எத்தனை வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். முத்திரை போனது. நீலக் கட்டத்துக்குக் கொஞ்சம் மல்லுக்கட்டினார், டிரோனுக்காக சைட் ஆபீஸ் கூரையில் பெயர் எழுதித் தருகிறேன் என்றதும் விட்டுவிட்டார்.

பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டர்) இப்படி எழுதியிருக்கிறேன், விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்:

"ஐஎஸ் 15809 கிளாஸ் 2 கையில்லா ஜாக்கெட், ஒளிரும் ஆரஞ்சு-சிவப்பு, 120 ஜிஎஸ்எம், 50 மி.மீ. டேப் இடுப்பில் இரண்டு வரி, தோளில் இரண்டு வரி, முன்பக்கம் வெல்க்ரோ. மீடியம் 60, லார்ஜ் 80, எக்ஸ்எல் 40. முதுகில் 25 x 7 செ.மீ., நெஞ்சில் 10 x 6 செ.மீ., கரும் நீலம் ஒற்றைக் கலர், தைக்கும் முன் பேனலில் அச்சு. இரவு கேங்குக்கு கிளாஸ் 3 முழுக்கை ஜாக்கெட் 35, அதே அச்சு. லோகோ கழித்த பரப்புக் கணக்கு மீடியம் சைஸுக்கு, உற்பத்தியாளர் கையெழுத்துடன். கையெழுத்திட்ட சாம்பிள் ஒன்று எங்களிடம், ஒன்று அவர்களிடம். ஒவ்வொன்றிலும் தைத்த லேபிள், லைசென்ஸ் எண்ணுடன். சாம்பிளோடு ஒத்துப்போகாத லாட் முழுவதும் திருப்பி அனுப்பப்படும்."


களப்பொறியாளர்_திருச்சி:

தார் கேங்குக்கு ஆளுக்கு இரண்டு இந்த 180-க்குள் அடங்குமா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மற்றபடி நன்றாக இருக்கிறது.


ஸ்கிரீன்_திருப்பூர்:

ஆர்ட்வொர்க்கை வாட்ஸ்அப் படமாக அனுப்பாதீர்கள் சார், கோரல்டிரா ஃபைலாக அனுப்புங்கள். தமிழ் எழுத்தை கர்வாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் எங்கள் சிஸ்டத்தில் அந்த ஃபான்ட் இருக்காது, கம்பெனி பெயர் கட்டம் கட்டமாகத் திறக்கும். அதையும் அப்படியே பிலிம் எடுத்துப் பிரின்ட் போடுகிற ஆட்கள் இங்கே உண்டு.